சீப்ளேன் ரேட்டிங் வாங்கிய அனுபவம்

பிரைவேட் பைலட் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால், அமெரிக்காவில் சீப்ளேன் ரேட்டிங், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானத்தை ஓட்டுவதற்கான கூடுதல் தகுதி, வாங்குவது காகிதத்தில் ரொம்ப எளிது. எழுத்துத் தேர்வு கிடையாது. இத்தனை மணி நேரம் பறந்தே ஆக வேண்டும் என்ற கணக்கும் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால், தேர்வாளர் முன்னால் வாய்மொழிக் கேள்விகள், அப்புறம் பறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நான் போனது புளோரிடாவில் டோரா ஏரிக்கரையில் இருக்கும் டவாரெஸ். 2010-இல் சீப்ளேன் தளம் திறந்த ஊர், 'அமெரிக்காவின் சீப்ளேன் நகரம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நான் பழகிய விமானத்தின் பெயர் சீரே (SeaRey). பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அடிவயிறே படகு, சக்கரம் மேலே மடங்கிக்கொள்ளும், எஞ்சின் தலைக்குப் பின்னால் உயரத்தில். 2004-இல் வந்த லைட் ஸ்போர்ட் விதி (சிறிய, எடை குறைந்த விமானங்களுக்கானது), தரை விமானங்களுக்கு 600 கிலோ என்றும் தண்ணீரில் இறங்குபவற்றுக்கு 650 கிலோ என்றும் எடை வரம்பு வைத்தது. அந்தக் கூடுதல் 50 கிலோ இல்லாவிட்டால் இந்த ரகம் தேறியிருக்காது.

பறக்கும் முன் எண்ணெய் பார்ப்பதே ஒரு சடங்கு. ரோடாக்ஸ் எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, காற்றாடியைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தொட்டியிலிருந்து 'களுக்' என்று சத்தம் வந்த பிறகுதான் அளவுக்குச்சியை எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் பார்க்கும் அளவை நம்ப முடியாது.

சரிவில் உருண்டு ஏரிக்குள் இறங்கி, மிதக்க ஆரம்பித்ததும் சக்கரத்தைத் தூக்கினோம். உடனே கால் பிரேக்கைத் தேடுகிறது. தண்ணீரில் பிரேக் ஏது? எஞ்சின் ஓடுகிறவரை விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும், மூக்கு காற்றை நோக்கித் தானாகத் திரும்பப் பார்க்கும். இன்னொரு வம்பு, எஞ்சின் உயரத்தில் இருப்பது. த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு கீழே போகும், குறைத்தால் மேலே வரும். செஸ்னா மாதிரி சாதாரணத் தரை விமானத்தில் பழகிய கைக்கு எல்லாமே தலைகீழ்.

இவையெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கண்ணாடித் தண்ணீர் வேறு சமாசாரம். காற்றே இல்லாத காலையில் ஏரி மேகத்தை அப்படியே காட்டுகிறது. நீர்மட்டம் 5 அடியில் இருக்கிறதா 50 அடியில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. தரையிறங்கும்போது கண்ணை நம்பித்தான் மூக்கைத் தூக்குவோம். இங்கே அப்படிச் செய்தால் ஆபத்து. கரையை ஒட்டி வந்து, புல்லையும் மரத்தையும் வைத்து உயரத்தைக் கணித்து, மூக்கைச் சற்றே தூக்கி, கொஞ்சம் பவர் வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் போகாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது தொடும் என்று தெரியாது. கை சும்மா இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அடியில் சரசரவென்று சத்தம் கேட்டதும் பவரைக் குறைக்கிறோம்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: "தண்ணீரில் இறங்குகிறேன், சக்கரம் மேலே." சொல்லிவிட்டு எட்டிப் பார்க்கவும் வேண்டும். தரையில் சக்கரம் இல்லாமல் இறங்கினால் அடிப்பகுதி தேயும். தண்ணீரில் சக்கரத்தோடு இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும். செக்ரைடில், அதாவது பறந்து காட்டும் தேர்வில், தேர்வாளர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்ததும் இதை மறக்கிறேனா என்று பார்க்கத்தான் என்பது என் சந்தேகம். மற்றபடி அது சாதாரணமாகவே முடிந்தது.

இதில் என்ன ஈர்ப்பு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேகம் கிடையாது, சுமை ஏற்ற முடியாது. ஆனால் ஓடுபாதை இருக்கும் ஊருக்குத்தான் போகலாம் என்ற கட்டு அவிழ்ந்துவிடுகிறது. பிடித்த ஏரியில் இறங்கி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிக் கூரையைத் தள்ளிவிட்டு, கட்டிவந்த சாப்பாட்டைப் பிரிக்கலாம். நீந்தலாம் என்று சொல்ல வந்தேன். புளோரிடா ஏரிகளில் முதலை உண்டு.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரேட்டிங் வாங்குவது சுலபம், அதன் பிறகு தனியாகப் பறக்க விமானம் வாடகைக்குக் கிடைப்பது அரிது. காப்பீட்டுக்காரர்கள் ஆம்பிபியன் (தரையிலும் தண்ணீரிலும் இறங்கும் விமானம்) என்றாலே அதே ரகத்தில் பறந்த மணிக்கணக்கைக் கேட்கிறார்கள். பணம் கட்டும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள். நான் இப்போதும் இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பறக்கிறேன்; பங்கு போட்டு ஒரு பழைய சீரே வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.