சாய்ந்து காட்டிய பதில்

நேற்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் உயரம் தாண்டும் பயிற்சி. எங்கள் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டப்படிப்பு) மாணவன், அல்சூர் பையன். தேர்வில் கோண உந்தம் (சுழலும் உடலின் உந்தம்) பற்றிய கேள்விக்கு ஒரு வரிகூட எழுதாதவன். "எப்படிப்பா தாண்டுற?" என்றேன். ஓடிவந்து, வளைவில் உள்பக்கம் சாய்ந்து, இடது காலை ஊன்றிக் காட்டினான். "இங்க சாயலன்னா மேல உடம்பு திரும்பாது சார்." முழுப் பதிலும் அதுதான்!

1983-இல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் உடல் இயக்கத்தையும் ஒருவகை அறிவு என்றார். அதைக் கற்றல் பாணியோடு (பார்த்து, கேட்டு, செய்து என ஒருவர் கற்க விரும்பும் விதம்) குழப்பக்கூடாது என்றும் அவரே பின்னாளில் சொன்னார். பாணிக்கேற்ப நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. 'செய்துதான் கற்பான்' என்று முத்திரை குத்தி இவனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

அப்புறம் வகுப்பில் அந்த வளைவைக் கரும்பலகையில் வரையச் சொன்னேன். சாக்பீஸ் ஒடிய ஒடிய அழுத்தி வரைந்தான்.