வைசரின் கயிறு

போன வாரம் ஒரு பிழையோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். பல உணரிகளிலிருந்து வெப்பநிலையை வாங்கிச் சராசரி போடும் நிரல் அது. எப்போதாவது ஒருமுறை சராசரி தாறுமாறாக இறங்கிவிடும். கடைசியில் நிரலை அச்செடுத்து, தப்பாக வந்த அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். இந்த மதிப்பு எந்த வரியில் பிறந்தது, அதற்கு முன் அதைத் தொட்டது எது? சம்பந்தமில்லாத வரிகளையெல்லாம் பேனாவால் அடித்தேன். முந்நூறு சொச்சம் வரிகளில் 19தான் மிஞ்சின. அவற்றுக்குள் பிழை பளிச்சென்று தெரிந்தது: பதில் தராத உணரிக்கு 0 என்று எழுதி, அதையும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தேன்.

இப்படி வெட்டுவதற்கு ப்ரோகிராம் ஸ்லைசிங் என்று பெயர். 1979-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் வைசர் இதை முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். அனுபவமுள்ள நிரலாளர்கள் பிழை தேடும்போது மனதுக்குள் இப்படித்தான் வெட்டுகிறார்கள் என்று 1982-இல் சோதனை வைத்தே காட்டினார்.

கணினிகள் சுற்றியிருக்கும் பொருட்களில் கலந்து, கண்ணில் படாமலே வேலை செய்ய வேண்டும் என்பதே எங்கும் நிறைந்த கணினி. அந்தக் கருத்தை 1988-இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் முன்வைத்தவரும் இதே வைசர்தான். ரொம்ப நாள் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றே நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. தேவையில்லாததைக் கண்ணிலிருந்து விலக்கி, மனிதனின் கவனத்தை அவனிடமே திருப்பித் தருவது. (ஹான்ஸ் போயமுடன் சேர்ந்து அவர் எழுதிய குப்பை சேகரிப்பானும், அதாவது நிரலுக்கு இனி தேவைப்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் நிரலும், அந்த வகைதான்.)

உள்ளங்கைக்கு ஒன்று, காகித அளவில் ஒன்று, சுவருக்கு ஒன்று என்று அவர் குழு கருவிகள் செய்தது. இன்றைய ஃபோனையும் டேப்லெட்டையும் அன்றே கண்டார் என்று அவரைப் பாராட்டுகிறார்கள். சரி, ஆனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அதைவிட அந்தக் கயிறுதான் பெரிது.

அதே ஆய்வகத்தில் நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் செய்தது. கூரையில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து தொங்கும் 8 அடி பிளாஸ்டிக் கயிறு. மோட்டாரை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் கம்பியோடு இணைத்திருந்தார்கள். தகவல் கடந்து போகும்போதெல்லாம் மோட்டார் லேசாகத் துடிக்கும். வலையமைப்பில் நெரிசல் என்றால் கயிறு விர்ரென்று சுழன்று சத்தம் போடும். இல்லையென்றால் சில வினாடிக்கு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். யாரும் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. செய்கிற வேலையை விடாமலே, ஓரக்கண்ணுக்கும் காதுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். இதை அமைதியான தொழில்நுட்பம் என்று வைசரும் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் சீலி பிரவுனும் எழுதினார்கள்.

1999-இல், 46 வயதில் வைசர் இறந்துவிட்டார். அவர் சொன்னபடி கணினிகள் எங்கும் வந்துவிட்டன. அவர் கேட்ட அமைதி மட்டும் வரவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோன் கூப்பிடுவது அவர் கேட்டதற்கு நேர் எதிர், அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அந்த உணரி நிரல் தோற்றால் முன்பெல்லாம் ஃபோனுக்கு அறிவிப்பு வரும். அதை நிறுத்திவிட்டு, மேசை ஓரத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்திருக்கிறேன். எல்லா உணரியும் பதில் சொன்னால் மங்கலாக எரியும். ஒன்று நின்றுவிட்டாலும் மெல்ல ஏறி இறங்கும், மூச்சு விடுவதுபோல. நேற்று எதையோ படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஏற்ற இறக்கம் ஓரக்கண்ணில் பட்டது. பத்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.