கருத்து கைமாறும்போது தேய்வது எது?

நகலெடுப்பு, நகலில் மாற்றம், சில மாற்றங்கள் மட்டும் பிழைத்தல்: இந்த மூன்றும் இருந்தால் கருத்தும் உயிரைப் போலப் பரிணமிக்கும்.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட சோதனைகளை எளிதாகச் செய்து பார்க்கலாம். ஒருவர் அறிமுகமில்லாத கதையை இருமுறை படிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுத வேண்டும். அடுத்தவருக்கு அந்தப் பிரதி மட்டுமே கிடைக்கும். சில கைகள் மாறியதும் கதை சுருங்கும், விநோதமானவை உதிரும், பழக்கமானவை அந்த இடத்தில் வந்து அமரும்.

மரபணுவிலிருந்து கருத்து விலகுவது இங்கேதான். மரபணு எழுத்தெழுத்தாக நகலாகிறது. கருத்தை ஒவ்வொரு மூளையும் புதிதாகக் கட்டுகிறது. அதனால் பிழைகள் கண்டபடி சிதறாமல், கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததன் பக்கமே சாய்கின்றன. எளிதில் உதிரக்கூடியவை "சில வேளைகளில்", "இந்த அளவு வரை" போன்ற வரம்புகள். மருத்துவச் செய்தியில் இது ஆபத்து. வரம்பைத் தனி வாக்கியமாக வைக்காமல் மையக் கூற்றுக்குள்ளேயே பின்னிவிடுங்கள்.