439-ஆவது அணியும் நார்மண்டிப் புழுதியும்

பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கல் குவாரிகளின் கம்ப்ரசர் என்ஜின்களைப் பிரித்துக் கோப்பது என் தொழில். பட்டறை கிருஷ்ணகிரியில். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு நான் படிப்பதெல்லாம் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றித்தான். அதிலும் கனடா விமானப்படையின் 439-ஆவது அணி மேல் எனக்குத் தனிப் பிரியம். அவர்கள் ஓட்டிய டைஃபூன் விமானத்தின் என்ஜின்தான் காரணம்.

கனடாவில் தரைப்படையோடு சேர்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்த 123-ஆவது அணியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, 1944 ஜனவரியில் 439 என்று எண் கொடுத்தார்கள். கூடவே 438, 440. மூன்றும் சேர்ந்து 143-ஆவது விங், அதாவது பல அணிகள் சேர்ந்த பிரிவு. ஸ்காட்லாந்தில் ஏர் என்ற ஊரில் ஹரிக்கேன் என்ற பழைய போர் விமானத்தில் பழகி, அப்புறம் டைஃபூனுக்கு மாறினார்கள். வேறு பல டைஃபூன் அணிகள் ராக்கெட் சுமந்தன. இவர்கள் சுமந்தது குண்டு. இறக்கைக்கு ஒன்றாக 500 பவுண்டு, பிறகு 1000 பவுண்டு. ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகளை ஏவும் தளம், ரயில் பாதை, பாலம் என்று தாழ இறங்கிப் போட வேண்டும். எதிரி விமானத்தைவிடத் தரையிலிருந்து சுடும் பீரங்கிதான் இவர்களுக்கு எமன்.

சரி, என்ஜினுக்கு வருகிறேன். பெயர் நேப்பியர் சேபர். 24 சிலிண்டர், 2000 குதிரைத்திறனுக்கு மேல். நமக்குப் பழக்கமான வால்வு அதில் கிடையாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ஸ்லீவ். அதுவே மேலும் கீழும் போய், கொஞ்சம் திரும்பவும் செய்து, பக்கவாட்டுத் துளைகளைத் திறந்து மூடும். பிஸ்டன், ஸ்லீவ், சிலிண்டர் மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க நடுவே ஆயில் படலம் மட்டும்தான். ஆரம்பத்தில் ஸ்லீவ் கோணிப்போய் என்ஜின் இறுகி நின்றுவிடும். பிரிஸ்டல் என்ற இன்னொரு என்ஜின் கம்பெனியின் ஸ்லீவ் செய்முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கோளாறு அடங்கியது. ஸ்டார்ட் செய்வதே வெடிமருந்துத் தோட்டாவைக் கொளுத்தித்தான். சில சமயம் காற்று உள்ளே போகும் இன்டேக்கில் தீப் பிடிக்கும் என்பதால், பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்பார். கார்பன் மோனாக்சைடு காக்பிட்டுக்குள் கசியும். அதனால் என்ஜின் ஓடத் தொடங்கியது முதல் நிற்கும் வரை விமானி ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றவே கூடாது.

இப்படிப்பட்ட என்ஜினோடு 1944 ஜூன் கடைசியில் பிரான்ஸின் நார்மண்டியில் லாந்தெய் என்ற ஊருக்குப் போனார்கள். வயலை புல்டோசரால் சமப்படுத்திப் போட்ட ஓடுதளம். காய்ந்த மண். ஒரு விமானம் கிளம்பினால் அடுத்தவருக்குக் கண் தெரியாத புழுதி. டைஃபூனின் காற்று வாய் மூக்குக்கு அடியில், தரையைப் பார்த்த மாதிரி இருக்கும். ப்ரொப்பெல்லர் கிளப்புகிற மண் முழுக்க நேராக உள்ளே போகும்.

அது என்ன செய்யும் என்று எனக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கிரானைட் தூள் போன என்ஜினைத் திறந்தால் லைனரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். பிஸ்டன் ரிங்குகள் சவரக் கத்தி போல மெலிந்திருக்கும். போன வருஷம்கூட ஒரு குவாரி மேஸ்திரி, "ஃபில்டரைக் கழட்டிட்டா வண்டி நல்லா இழுக்குதுண்ணா" என்று பெருமையாகச் சொன்னார். ரெண்டே மாதத்தில் அதே என்ஜின் டிராக்டரில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. சாதாரண டீசல் என்ஜினுக்கே இந்த கதி என்றால், ஆயில் படலத்தை நம்பி ஓடுகிற 24 ஸ்லீவ் என்ன பாடு பட்டிருக்கும்!

புதிய என்ஜின்கள் சில மணி நேரத்திலேயே தேய்ந்து போயின. அவசரமாக ஃபில்டர் வடிவமைத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல்: என்ஜின் பின்னடித்தால் (பேக்ஃபயர்) நெருப்பு இன்டேக் வழியாக வெளியே பாயும், ஃபில்டர் மூடி தெறித்துவிடும். கடைசியில், பின்னடிக்கும்போது தானே திறந்துகொள்ளும் கதவு வைத்த ஃபில்டர் வந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, கூடாரத்தின் கீழ் நின்று அதைப் பொருத்தியவர்கள் ஃபிட்டர்கள். 439-க்கு என்றே 6439 என்ற எண்ணில் ஒரு பராமரிப்புப் பிரிவு இருந்தது. அணியின் வரலாறு என்றால் விமானிகளோடு இந்தப் பிரிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகஸ்டில் நார்மண்டியின் ஃபலேஸ் ஊர்ப்பக்கம் ஜெர்மன் படை சிக்கிக்கொண்டபோது டைஃபூன்கள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பறந்தன. அந்த ஃபில்டர் இல்லாமல் அது நடந்திருக்காது.

செப்டம்பரில் நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு மாறினார்கள். 1945 புத்தாண்டுக் காலையில் ஜெர்மன் போர் விமானங்கள் அந்தத் தளத்தின் மேல் திடீரென்று பாய்ந்தன. தரையில் நின்ற பல டைஃபூன்கள் எரிந்தன. வானிலை பார்க்கப் போயிருந்த 439-இன் நான்கு விமானங்கள் திரும்பி வரும் வழியில் அந்தக் கூட்டத்தோடு மோதின. பிப்ரவரி 14-இல் 439-இன் விமானிகள் ஷேவரும் ஃப்ரேசரும் ஆளுக்கொரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டை வீழ்த்தினார்கள். ப்ரொப்பெல்லர் விமானம், அதுவும் குண்டு போடப் பழகியவர்கள், ஜெட்டை வீழ்த்தியது சாதாரணக் காரியம் இல்லை.

1945 ஆகஸ்டில் அணியைக் கலைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் செய்த டைஃபூன்களில் முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, எம்.என். 235. லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்துச் சொத்து. அது போக, இங்கிலாந்தில் ஒரு குழு ஆர்.பி. 396 என்ற டைஃபூனை மறுபடி பறக்க வைக்கப் பாடுபடுகிறது. அதற்கு ஒரு சேபர் என்ஜின் ஓட வேண்டும். அந்த ஸ்லீவ்களை எப்படிச் சரிசெய்யப் போகிறார்கள், நடுவே எவ்வளவு இடைவெளி (கிளியரன்ஸ்) விடுவார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்கள் வெளியிடும் ஒவ்வொரு தகவலையும் விடாமல் படித்துவருகிறேன்.