ஸ்மோக்கி மலையில் ப்ரூக் ட்ரௌட்: ஃப்ளையைவிட நிற்கும் இடம் முக்கியம்

அமெரிக்காவில் டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் இன்று மூன்று வகை ட்ரௌட் மீன்கள் இருக்கின்றன. ரெயின்போ மேற்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரவுன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ப்ரூக் ட்ரௌட் மட்டும்தான் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மீன். உள்ளூர்க்காரர்கள் அதை ‘ஸ்பெக்’ என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் மலையை மொட்டையடித்தபோது ஓடைகளுக்கு நிழல் போனது, தண்ணீர் சூடானது, வண்டல் இறங்கியது. பிறகு ரெயின்போவையும் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்பெக் தன் பழைய இடத்தில் சுமார் முக்கால் பங்கை இழந்து, பெரும்பாலும் 3,000 அடிக்கு மேலே, அருவிகள் ரெயின்போவைத் தடுத்து நிறுத்தும் தலையோடைகளில் ஒதுங்கிக்கொண்டது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து வளர்த்ததும் இதே ரெயின்போதான்.

ஸ்பெக் பெரிய மீன் இல்லை. ஐந்திலிருந்து எட்டு அங்குலம், அவ்வளவுதான். ஆனால் கருத்த முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வரிகள், விலாவில் நீல வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள், கீழ்த் துடுப்புகளின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு, அதையொட்டி ஒரு கறுப்புக் கோடு என்று இவ்வளவு அழகான நன்னீர் மீன் எனக்குத் தெரிந்து வேறில்லை. ரெயின்போவுக்கு வெளிர் உடம்பில் கரும்புள்ளி. ஸ்பெக்குக்குக் கரும் உடம்பில் வெளிர்புள்ளி. இதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

இந்த மீனைப் பிடிக்க எந்த ஃப்ளை (பூச்சி போலத் தோன்ற இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள்) நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அது இரண்டாம் பட்சம். தலையோடைகளில் பூச்சி குறைவு. மிதந்து வருவது சாப்பிடக் கூடியதா என்று பார்த்துக்கொண்டிருக்க மீனுக்கு நேரமில்லை, விட்டால் அடுத்த வாய் எப்போது கிடைக்குமோ தெரியாது. அதனால் 14 அல்லது 16 எண் முள்ளில் கட்டிய ஒரு பாராசூட் ஆடம்ஸ், மஞ்சள் உடம்பு வைத்த ஒரு எல்க் ஹேர் காடிஸ், கோடையில் எறும்பு வடிவில் கட்டிய ஒரு ஃப்ளை, பச்சை நூல் சுற்றிய ஒரு கிரீன் வீனி, இவை இருந்தால் ஆண்டு முழுக்க ஓட்டிவிடலாம். வகைக்கு நான்கைந்து எடுத்துப் போங்கள். மீனைவிட மரக்கிளை அதிகம் பிடுங்கிக்கொள்ளும்.

கிளை என்றால் சாதாரணக் கிளை இல்லை. ஓடையின் இரு கரையிலும் ரோடோடென்ட்ரான், அதாவது நம் நீலகிரிக் காட்டுப்பூவரசின் இனம், தலைக்கு மேலே கைகோத்துச் சுரங்கம் போல நிற்கும். ஒன்பதடிக் கோல் அங்கே உதவாது. ஏழு அல்லது ஏழரை அடி, 3-வெயிட் (எடை குறைந்த லைனுக்கான) கோல் போதும். பத்தடிக் கோல் இருந்தால் நூலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. திறந்த ஓடையில் அது சரி, சுரங்கத்தில் சரிப்படாது. லீடர் (லைன் என்ற கனத்த நூலின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) ஏழரை அடி, நுனியின் தடிமன் 5எக்ஸ். 6எக்ஸ், 7எக்ஸ் என்று மெலிதாகப் போவதில் லாபமில்லை. இந்த மீன் நூலைப் பார்த்து மிரள்வதில்லை, ஆனால் 5எக்ஸ் என்றால் கிளையில் சிக்கிய ஃப்ளையை இழுத்து மீட்க வாய்ப்பு உண்டு. மிதக்க வைக்கும் ஜெல்லை ஃப்ளை நனையும் முன்பே, கடுகளவு எடுத்துத் தேய்க்க வேண்டும். நனைந்த பிறகு தேய்த்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததாகிவிடும். மீன் கடித்து வழவழப்பு ஏறிய ஃப்ளையைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் குலுக்கிவிட்டு மறுபடி வீசுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ட்ரௌட் எப்போதும் நீரோட்டத்தைப் பார்த்தே நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக ஏறிப் போங்கள், அதன் முதுகுப் பக்கம் இருப்பீர்கள். மடுவை அடைந்ததும் நேரே தலைப்பகுதிக்கு, வெள்ளை நுரை விழும் இடத்துக்கு வீசத் தோன்றும். அங்கேதான் காரியம் கெடும். மடுவின் வால்பகுதியில், தண்ணீர் மெலிந்து வழியும் விளிம்பில், கணுக்கால் ஆழத்தில் ஒரு மீன் நிற்கும். அதைக் கவனிக்காமல் காலை வைத்தால் அது மேலே பாயும், மடுவில் உள்ள அத்தனை மீனும் கல்லடியில் ஒளிந்துகொள்ளும். முதலில் வால், பிறகு ஓரங்கள், கடைசியில் தலை. கீழ்ப்பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு, நாலைந்து மீட்டர் தூரத்திலிருந்து வீசுங்கள். வெயில் முதுகில் அடித்தால் நிழல் மடுவில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலடியில் கல் புரண்டால் அந்த அதிர்வும் மீனுக்குக் கேட்கும்.

கோல் நுனிக்கு வெளியே லீடரும் ஒரு மீட்டர் லைனும் இருந்தால் போதும். ஃப்ளை விழுந்த கணமே கோலை உயர்த்தி, லைன் தண்ணீரில் படாமல் பிடியுங்கள். படவிட்டால் வால்விளிம்பின் வேகநீர் அதை இழுக்கும், ஃப்ளை பின்னால் கோடு கிழித்துக்கொண்டு வழுக்கும். தானாக மிதந்து வரும் பூச்சி அப்படிப் போகாது. தானாக மிதக்க இரண்டு நொடி கிடைத்தாலே மீன் எடுத்துவிடும். ஒரே இடத்தில் மூன்று முறை போட்டும் எழும்பாவிட்டால் அடுத்த மடுவுக்கு நகருங்கள்.

பின்னால் வீச இடமே இல்லாத இடத்தில் வில்-அம்பு வீச்சு கைகொடுக்கும். கோலின் நீளத்துக்கு நூலை வெளியே விட்டு, முள்ளின் வளைவை, கூர்முனை வெளிப்பக்கம் இருக்கும்படி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். கோல் பிடித்த கையின் ஒரு விரலால் லைனைக் கைப்பிடித் தக்கையோடு அழுத்திக்கொண்டு, ஃப்ளையைப் பின்னிழுத்துக் கோலை வளைத்து, குறிபார்த்து விடுங்கள். ஃப்ளை பாதியிலேயே விழுந்தால், லைனை அழுத்திய விரல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். விரலில் குத்தினால் முள்ளைப் பிடித்த விதம் தவறு.

மீன் எடுத்ததும் மணிக்கட்டை மட்டும் சற்றே தூக்கினால் போதும். பலமாகச் சுண்டினால் ஐந்தங்குல மீன் பறந்து போய்க் கிளையில் மாட்டும். முள்ளின் எதிர்கொக்கியை வீட்டிலேயே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கலாம்.

1970-களின் நடுவில், இந்த மலைகளில் உள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகம் ப்ரூக் ட்ரௌட் ஓடைகளை மூடியது. பிறகு சில ஓடைகளை மட்டும் திறந்து மூன்று ஆண்டு கணக்கெடுத்ததில், தூண்டிலால் மீன் எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்தது. 2006-இல் ஏறத்தாழ எல்லா ஓடைகளையும் திறந்துவிட்டார்கள். இரு மாநிலங்களில் ஒன்றின் உரிமம் வேண்டும். செயற்கை இரை மட்டும், ஒற்றை முள் மட்டும். புழு, சோளம் எல்லாம் குற்றம். ஏழு அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. கல்லை அடுக்கி அணை கட்டுவதும் தடை. அந்தக் கல்லடியில்தான் மீன் தின்னும் பூச்சிகளே குடியிருக்கின்றன.

ஒரு தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும். தண்ணீர் 10 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக இருக்கும். 20-ஐத் தொட்டால் கோலை மடித்துவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். பார்க்க அருமையான மடு, குளிர்ந்த நீர், ஆனால் ஒரு மீனும் இல்லை என்றால் உங்கள் திறமையைச் சந்தேகிக்க வேண்டாம். உயரமான சில ஓடைகளில் அமில மழையும் அனகீஸ்டா என்னும் உள்ளூர்ப் பாறை வகையிலிருந்து கசியும் அமிலமும் சேர்ந்து மீனை இல்லாமலே ஆக்கியிருக்கின்றன.

இலையுதிர் காலம் முட்டையிடும் பருவம். சரளைப் படுகையில் பாசி துடைத்த மாதிரி தட்டகலத்தில் பளிச்சென்று ஓர் இடம் தெரிந்தால், அது பெட்டை மீன் வாலால் தோண்டிய முட்டைக்குழி. அந்த மாதங்களில் ஓடைக்குள் இறங்காமல் கரையோடு, பாறைமேல் பாறையாக ஏறிப் போங்கள். முட்டை குளிர்காலம் முழுக்கச் சரளைக்குள்தான் கிடக்கும்.