செல்வ வரி போன பிறகு

ஜூலை மாதம் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் ஒரு புலம்பல் காதில் விழாமல் இருக்காது: "எங்ககிட்ட பிடுங்கி இலவசமா வாரிக் கொடுக்கறாங்க சார்." சம்பளத்தில் பிடித்த வரிக்கு கம்பெனி தரும் சான்றான படிவம் 16-ஐக் கையில் வைத்திருக்கும் மாதச் சம்பளக்காரர்தான் பெரும்பாலும் சொல்வார். கோவையில் வருமான வரிக் கணக்கு போடுவதுதான் என் பிழைப்பு, அதனால் அந்த எரிச்சல் எனக்குப் புரியும். வரியைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனி சம்பளமே போடுகிறது. ஆனால் இருப்பவரின் சொத்தை எடுத்து இல்லாதவருக்குக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒத்துவருவதில்லை. சொத்தை யார் எடுத்தார்கள்?

ஒரு காலத்தில் கொஞ்சம் எடுத்தார்கள். 1957-இல் வந்தது செல்வ வரிச் சட்டம். (மாநகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு.) அதற்கான படிவங்களும் நிரப்பியிருக்கிறேன். கடைசி வருடங்களில் கடன் போக மிஞ்சும் நிகர செல்வத்தில் 30 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 1 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நகை, கார், நகரத்துக் காலி மனை, 50,000 ரூபாய்க்கு மேலான ரொக்கம் எல்லாம் கணக்கில் சேரும். பங்குகளும் வங்கி டெபாசிட்டும் 1993 முதல் சேராது. ஆக, கம்பெனிப் பங்குகளாகவே கோடிகளை வைத்திருப்பவருக்கு வரி பூஜ்யம். கணவர் விட்டுப்போன மனையும் மாமியார் நகையும் வைத்திருக்கும் அம்மாதான் மதிப்பீட்டாளரைத் தேடி அலைவார்.

2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை நீக்கினார். 2013-14-இல் நாடு முழுக்க வசூலானதே 1,008 கோடிதான். பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ், அதாவது வரி மேல் போடும் கூடுதல் வரி, 2 சதவீதம் கூடியது. திரும்பவும் வருமானத்தின் மீதுதான். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே போய்விட்டது. இரண்டுக்காகவும் எங்கள் ஆபீஸில் யாரும் அழவில்லை.

அப்புறம் "வரியே கட்டாதவர்கள்" என்று பேர் வாங்கியவர்கள். சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இல் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது, நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர் மில் முதலாளியா, மில் வாசலில் நிற்கும் வாட்ச்மேனா என்று அந்த வரி பார்ப்பதில்லை. கட்டட வேலை செய்பவர் டாஸ்மாக்கில் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு அரசுக்கான வரி. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் அவர் மனைவியின் கணக்குக்கு வருகிறது. மறுபங்கீடு நடந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஒரே வீட்டுக்குள், புருஷன் சட்டைப்பையிலிருந்து பெண்டாட்டி கணக்குக்கு. அந்த ஆயிரம் அவருக்குப் பெரிய பணம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். நமக்கு இப்போது சாராய வருமானமும் உண்டு, விற்பனை மீதான வரியும் உண்டு.

சத்துணவு, ரேஷன் அரிசி, அரசு ஆஸ்பத்திரி என்று செலவு செய்கிற பக்கத்தில் மறுபங்கீடு உண்மையாகவே நடக்கிறது. வசூல் பக்கத்தில்தான் அதைக் காணோம்.

நம்பாதவர்களை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வரச் சொல்வேன். சம்பளக்காரர் கடன் வாங்கி 30 லட்சத்துக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 2 லட்சத்து 70 ஆயிரம். அப்பா மகனுக்கு 10 கோடி இடத்தை செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் தீர்வை அதிகபட்சம் 40,000, கட்டணம் 10,000. 2023-இல் உயர்த்திய பிறகே இவ்வளவு.

அப்படி எழுதி வாங்கிய ஒரு கிளையன்ட், "இதுக்கு இன்கம்டாக்ஸ் வருங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார். அப்பாவிடமிருந்து வந்ததற்கு ஒன்றும் கிடையாதுங்க, வாடகை வர ஆரம்பித்தால் அதை மட்டும் காட்டினால் போதும் என்றேன். வாடகைக்கு விடுகிற யோசனை இல்லை, விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைக்கப்போவதாகச் சொன்னார். அப்படியென்றால் விற்கிறவரைக்கும் அந்த இடத்துக்காக என்னிடம் வரவேண்டிய வேலையே அவருக்கு இல்லை.