டு தை க வி

ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுப் பேப்பர் பல துண்டாகிவிடும். உள்ளூர்ச் செய்தி அக்காவுக்கு, மரண அறிவித்தல் அம்மாவுக்கு, எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் கேட்கும் அந்தச் சின்னக் கட்டம் எனக்கு. இதில் ஒரு சிக்கல். என் கட்டமும் அம்மாவின் அறிவித்தலும் பல வாரங்களில் ஒரே தாளின் இரண்டு பக்கமாக வந்துவிடும், எனக்கோ கூப்பனை வெட்டித் தபாலட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். எத்தனையோ வருடமாக அனுப்புகிறேன், ஒருமுறைகூடப் பரிசு விழவில்லை. அது வேறு கதை.

போன ஞாயிறு ஐந்து சொல். விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, பனங்கட்டித் துண்டைக் கடித்தபடி பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று போய்விட்டது. நாலாவது ஏழு எழுத்து: பி ங் டி ச ட் கு ப். குறிப்பாக ‘பாலம்’ என்று ஒரு சொல்.

ஏழும் வேறு வேறு எழுத்து என்பதால் கணக்குப்படி 5040 விதமாக அடுக்கலாம். பார்த்ததும் தலை சுற்றும், ஆனால் தமிழில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ப் வந்தால் பின்னால் ப வரிசைதான் வரும், அதனால் பி அதோடு ஒட்டிக்கொள்ளும். ங் பின்னால் வருவதற்கு இதில் கு தவிர வேறு ஆள் இல்லை. ட் கொஞ்சம் தாராளம், க ச ப மூன்றையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் கு, பி இரண்டும் ஏற்கனவே போய்விட்டன. ச அதன் பின்னால் போனால் சொல்லைத் தொடங்க டி மட்டும்தான் மிஞ்சும், டியில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆக ச தான் முதல் எழுத்து, பிறகு ங்கு, ப்பி, ட்டி என்று மூன்று சோடி, மொத்தம் ஆறே ஆறு அடுக்கு. சட்டிப்பிங்கு. சட்டிங்குப்பி. சப்பிட்டிங்கு. சொல்லிப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு மாதிரி இருக்கும். அந்த ஆறில் ஒன்று சங்குப்பிட்டி, யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பூநகரிக் கரை. 2011இல் பாலம் திறந்து பூநகரிப் பக்கம் பஸ் ஓடத் தொடங்கும் முன்னர் எதிர்க்கரைக் கேரதீவிலிருந்து அங்கே போகப் ‘பாதை’ ஏறியது அம்மாவுக்கு இன்னும் நினைவு. பாதை என்றால் இங்கே வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் மெய்ம்மயக்கம் என்று நன்னூலிலிருந்து படிப்பித்ததுதான். அப்போது எனக்கு அது விளக்கெண்ணெய். சூத்திரத்தைப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோன விஷயம், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திரும்பி வருகிறது. எங்கள் ஊர் எழுத்துவழக்குக்கு இந்தச் சட்டம் முழுக்கச் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். ட, ற, ர, ல எதுவும் சொல்லுக்கு முதலில் வராது என்கிறது நன்னூல், நாங்கள் றோட்டு, றேடியோ, லாச்சி என்று கூசாமல் எழுதுகிறோம். வல்லின மெய்யில் சொல் முடியாது என்றால் டிக்கெட்டை ரிக்கற் என்று முடித்துக் காட்டுவோம்.

அக்காவின் மகன் கொம்பியூட்டர் படிக்கிறவன். மாமாவுக்கு உதவுகிறேன் என்று எழுத்துகளைக் கலைத்துக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினான். சங்குப்பிட்டியைக் கொடுத்தோம். குற்று ஒரு பக்கம், இகர விசிறி ஒரு பக்கம், உகரக் கால் வேறொரு பக்கம் என்று தனித்தனியாகப் புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு நின்றன. யூனிகோடில் புள்ளியும் விசிறியும் தனிக் குறிகளாம். எங்களுக்கு ஏழு எழுத்து, அந்தப் பெட்டிக்கு 13 துண்டு. “மாமா, இது எழுத்தில்ல, எலும்பு” என்றான். அதைத் திருத்தலாம், திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சரி, ஐந்தாவது. டு தை க வி. நாலே எழுத்து. 24 அடுக்கு, டுவை முதலில் வைக்க முடியாது என்றால் 18. குறிப்பு ‘அவிழ்க்க வேண்டியது’.

இதில்தான் நான் விழுந்தேன். பார்த்த உடனே கண் கவிதையில் போய் உட்கார்ந்துவிட்டது. கவிதை, மிச்சம் ஒரு டு. கவிதைடு என்று ஒன்றுமில்லை, டுகவிதை என்றும் இல்லை. ஒரு பொய்ச் சொல் வந்து நடுவில் குந்திவிட்டால் அதை எழுப்புவது கஷ்டம். கறிவேப்பிலையைக் கலைத்துப் போட்டால் வேலை வந்து நிற்கும், ஆனால் அங்கே ப் ஒன்று இருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இதிலோ புள்ளி வைத்த எழுத்து ஒன்றுமே இல்லை, பிடிக்கக் கொழுகொம்பு இல்லை. முடிச்சு, சேலை, பொட்டலம் என்று அவிழ்க்கிற சாமானெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் தேங்காய் உரித்து முடித்துவிட்டார்கள், வெயில் விறாந்தையின் இரண்டாவது தூண் வரை வந்துவிட்டது, நான் பேனையின் மூடியைக் கடித்துக்கொண்டு அதே நாலு எழுத்து.

குசினிக்குள் இருந்த அம்மாவிடம் கேட்டேன், “அம்மா, அவிழ்க்கிறது என்ன?”

“நொடி” என்றார், ஒரு கணமும் யோசிக்காமல்.

“நொடி ரெண்டெழுத்து. இது நாலு.”

“எனக்கு உன்ர எழுத்துக் கணக்குத் தெரியாது. நொடிதான் அவிழ்க்கிறது. அம்மம்மா பின்னேரத்தில நொடி போடுவா, நாங்கள் சுத்தி இருந்து அவிழ்ப்பம்.”

அப்போதுதான் எழும்பியது. நாங்கள் நொடி என்று சொல்வதைப் புத்தகத்தில் விடுகதை என்பார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை, பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. வி டு க தை. கவிதையின் மூன்று எழுத்தும் அதற்குள்ளேயே இருந்துகொண்டு இவ்வளவு நேரம் என்னை மறித்திருக்கின்றன.

கட்டத்தில் எழுதிவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்தேன்.

“வை தம்பி அதை. பின்பக்கத்தில ஆர் எண்டு பாத்தனியே?”

திருப்பினேன். கூப்பனுக்கு நேர் பின்னால் ஒரு 31ஆம் நாள் நினைவு, படத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் வெட்டு அவரின் கழுத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று மெல்ல வாசித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. “என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவ” என்றார்.

தாளை நாலாக மடித்துத் தையல் மெசின் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கூப்பனின் அடியில், படிப்பிரதிகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஐந்தும் சரியாக வந்த வாரம்.